புயலுக்கு முன்பே எழுத வேண்டிய கணக்கு
(எல்லோருக்குமான மென்பொருள் – தொடர்)

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வந்தன. மெயின்ரோட்டு ஊர்களுக்கு முதலில் கிடைத்தது. உள்ளடங்கிய ஊர்கள் காத்துக் கிடந்தன. கொடுக்கிற மனசுக்குக் குறைவில்லை. எந்த ஊருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, எங்கே இன்னும் சேரவில்லை என்று எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும் கணக்குதான் அப்படிப்பட்ட நேரத்தில் உயிர்நாடி.

அந்தக் கணக்கை எழுதும் மென்பொருள் நமக்கு வெகு அருகில், பாக் நீரிணைக்கு அக்கரையில் பிறந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. கொழும்பின் கணினித் துறை இளைஞர்கள் சம்பளம் எதிர்பாராமல் உட்கார்ந்து, சில வாரங்களுக்குள் ‘சஹானா’வை உருவாக்கினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பட்டியல், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற விவரம், கேட்கப்பட்ட பொருளும் வந்த பொருளும் என நாலு கணக்கும் அதில் ஒரே இடத்தில் இருந்தன.

அதன் நிரலை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது சஹானா அங்கே போனது. 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும், 2010-ல் ஹைட்டிக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006-ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதை இதற்கு அளித்தது. சுனாமியில் அடிபட்ட ஒரு சிறிய நாடு, தான் பட்ட பாட்டிலிருந்து கற்றதை மற்ற நாடுகளுக்கு அள்ளிக் கொடுத்தது. வளர்ச்சி உதவி என்றால் பணக்கார நாடு கொடுப்பதும் ஏழை நாடு வாங்குவதும்தான் என்ற நினைப்பைச் சஹானா உடைத்தது.

பேரிடர் நேரத்தில் டெண்டர் விட்டு, உரிமம் வாங்கி, வேலை முடிவதற்குக் காத்திருக்க முடியாது. திறந்த நிரல் அந்த நாட்களை மிச்சப்படுத்துகிறது. ஆனால் நிரல் தானாக ஓடிவந்து நிற்காது. அதை நிறுவத் தெரிந்தவர் வேண்டும். ஊர்ப் பெயர்களையும் முகாம்களையும் முன்னமே ஏற்றி வைத்திருக்க வேண்டும். திரை தமிழில் பேச வேண்டும். கரண்ட் போனாலும், டவர் விழுந்தாலும் கணக்கு நிற்காதபடி காகிதப் படிவமும் தயாராக இருக்க வேண்டும். புயல் வந்தபின் இவற்றைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

பட்டுக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஊராட்சியில் எந்தத் தெரு தாழ்வானது, எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று அறிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பினரையும் வருவாய்த் துறை ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறை ஒத்திகை நடக்கட்டும். நம் டெல்டாவின் கணக்கு தயாரானால், நாளை வங்கக் கடலின் வேறொரு கரைக்கும் அதை நாம் கொடுக்கலாம்.

(தொடரும்)