சுவர்க் கீறலில் ஒரு சக்கரம்

ஸ்காட்லாந்தின் கிராமப்புறங்களில் பாழடைந்த நீராலைகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் கட்டடத்தைத் தேடுவதில்லை, கால்வாயைத்தான் தேடுகிறார்கள். கூரை விழுந்துவிடும். சக்கரம் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். சுவர்க் கற்களைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி கட்ட எடுத்துக்கொள்வார். மண்ணில் வெட்டிய வாய்க்காலை யாரும் எடுத்துப் போக முடியாது. புல் மண்டி, ஈரப் பள்ளமாகத் தூர்ந்து கிடந்தாலும் அதன் தடம் மறையாது. அங்குள்ளவர்கள் அதை ‘லேட்’ என்கிறார்கள்.

லேட்டின் ஓரமாகவே நடந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஓடை தன் போக்கில் பள்ளத்துக்கு இறங்கிவிடும். லேட் அப்படி இறங்காமல், சரிவை ஒட்டி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். நடக்க நடக்க இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். அந்த வித்தியாசம்தான் ஆலையின் மொத்த மூலதனம். நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் திறன் சுமார் 3 கிலோவாட். சக்கரம் அதில் 60 சதவீதத்தைப் பிடித்தாலும் 1.8 கிலோவாட்தான் மிஞ்சும். இரண்டு, மூன்று மிக்சிகளின் சக்தி. அதை வைத்துத்தான் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் மாவு அரைத்தார்கள்.

தண்ணீர் எந்த உயரத்தில் சக்கரத்தைத் தொட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் பாயும் நீர் தள்ளிச் சுழலும் சக்கரம் ஒரு வகை. மேலிருந்து நீர் சக்கரத்தின் தொட்டிகளில் நிரம்பி, அதன் எடையால் சுழல்வது இன்னொரு வகை. பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்து இரண்டையும் அளந்து, 1759இல் ராயல் சொசைட்டியில் முடிவை வெளியிட்டார். முதல் வகை நீரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை; இரண்டாவது வகை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தந்தது. ஆலைக்காரர்கள் அதுவரை அனுபவத்தில் பேசியதை அளந்து நிறுவிய ஆய்வு அது. இடிந்த ஆலையின் சுவரில் தண்ணீர் நுழைந்த ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே எந்த வகைச் சக்கரம் ஓடியது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

சக்கரமே இல்லாத இடத்தில் அதன் அளவை எப்படி அறிவது? சக்கரப் பள்ளத்துக்குள் பாசியை ஒதுக்கிவிட்டுச் சுவரைத் தடவினால், வளைந்த கீறல்கள் விரலுக்குத் தட்டுப்படும். அச்சு தேய்ந்து சக்கரம் சற்றே சாய்ந்த நாட்களில், விளிம்பின் திருகாணிகள் கல்லில் இழுத்த கோடுகள் அவை. முழு வட்டம் வேண்டாம், ஒரு துண்டு வில் போதும். வில்லின் இரு முனைகளுக்கும் இடையே 2 மீட்டர், நடுவில் அதன் உயரம் 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பாதி நீளமான 1 மீட்டரின் வர்க்கத்தை 0.25ஆல் வகுத்தால் 4. அதோடு 0.25ஐக் கூட்டினால் 4.25. விட்டம் நாலேகால் மீட்டர்! பள்ளிக்கூட வடிவியல், மறைந்துபோன சக்கரத்தை அது நின்ற இடத்திலேயே மறுபடி நிறுத்திக் காட்டுகிறது.

ஆலையின் ஒரு பக்கத்தில் மட்டும் உள்சுவர் கரிபிடித்திருக்கும். தீ விபத்து என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பல இடங்களில் அது தானியம் உலர்த்தும் சூளை. ஸ்காட்லாந்து ஆலையைப் புரிந்துகொள்ள ஓட்ஸைப் புரிந்துகொள்ள வேண்டும். கோதுமையின் உமி போரடிக்கும்போதே பிரிந்துவிடும். ஓட்ஸின் உமி விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரக் குளிரில் விளைந்த தானியம் சரியாகக் காயவும் காயாது. ஓட்டை போட்ட தளத்தில் ஓட்ஸைப் பரப்பி, கீழே தீ மூட்டி வாட்டினால்தான் உமி நொறுங்கும் பதத்துக்கு வரும். இன்னொரு நன்மையும் உண்டு. ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அதைச் சிதைக்கும் நொதி வெப்பத்தில் செயலிழப்பதால் மாவு சீக்கிரம் கசந்துபோகாது. நொதி என்ற சொல்லே கேள்விப்படாதவர்கள், நாக்கால் மட்டும் அறிந்து கட்டிய சூளை அது. எரிபொருளாக மட்கிய தாவரப் படிவமான பீட்டையும், பிரித்தெடுத்த உமியையும் போட்டார்கள்.

சூளையிலிருந்து வந்த ஓட்ஸ் முதல் ஜோடிக் கல்லுக்குப் போகும். அங்கே அரைப்பதில்லை. மணி நிமிர்ந்து நின்று உமி மட்டும் உடையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். பிறகு புடைப்பது. முன்பு ஆலைக்குப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று காற்றில் தூற்றினார்கள். ஸ்காட்லாந்தில் ‘ஷில்லிங்ஹில்’ என்ற இடப்பெயர் அதிலிருந்துதான் வந்தது. ஷில்லிங் என்ற காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1710இல் ஜேம்ஸ் மெய்க்கிள் என்ற ஆலைத் தச்சர் ஹாலந்துக்குப் போய்த் தொழில் கற்று வந்தார். தூற்றும் விசிறிப் பொறி அவர் வழியாகத்தான் ஸ்காட்லாந்துக்கு வந்தது. அவருடைய மகன் ஆண்ட்ரூ மெய்க்கிள் பின்னாளில் போரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கிப் புகழ்பெற்றார். உமி நீங்கிய பருப்பு இரண்டாவது ஜோடிக் கல்லில் மாவாகும்.

உள்ளே பல்சக்கரம் மிஞ்சியிருந்தால் பற்களை எண்ணுங்கள். இரும்புச் சக்கரத்தில் மரப்பற்களைச் செருகியிருப்பார்கள். ஏதாவது சிக்கினால் முறிவது மலிவான மரப்பல்லாக இருக்கட்டும் என்று. எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். 60 பல்லும் 20 பல்லும் இணைந்தால் குறிப்பிட்ட பற்களே திரும்பத் திரும்ப மோதித் தேயும். 61 ஆக்கிவிட்டால் ஒவ்வொரு பல்லும் எதிரே உள்ள எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும்.

இவ்வளவு நுட்பத்துக்குப் பின்னால் கசப்பும் உண்டு. குத்தகை விவசாயி குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்க வேண்டும், மாவில் ஒரு பங்கைக் கூலியாகத் தர வேண்டும் என்பது அங்கே பழைய சட்டம். லேட்டைத் தூர் வாருவதும், புது அரைகல்லின் நடுத்துளையில் கட்டையைச் செருகி உருட்டி வருவதும்கூட அவர்கள் தலையில்தான் விழுந்தது. அந்தக் கட்டாயத்தை ஈடு கொடுத்துத் தீர்த்துக்கொள்ள 1799இல்தான் சட்டம் வழி செய்தது. பாழான ஆலைக்குப் போகும் அகலமான பழைய பாதைகள் அந்தக் கல் உருண்டு வந்த பாதைகளாகவும் இருக்கலாம்.

பிறகு ரயில் வந்தது, நகரத்துப் பெரிய ஆலைகள் வந்தன, கிராமத்துச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஈஸ்ட் லின்டனில் உள்ள பிரெஸ்டன் ஆலை 1959 வரையும், ஆங்கஸில் உள்ள பாரி ஆலை 1982 வரையும் தொழில் செய்தன. இரண்டும் இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பெயர் தெரியாத மற்றவை மழையில் கரைகின்றன.

அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், புறப்படும் முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்களைப் பாருங்கள். ஆலைகளும் லேட்டுகளும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். அங்கே நிலத்தில் நடக்கப் பொதுவுரிமை உண்டு, கட்டடங்களுக்கு அது பொருந்தாது. தளர்ந்த சுவருக்குக் கீழே நிற்கவும் வேண்டாம். அளந்துகொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் ஒரு மரப்பல்லையோ இரும்பு ஆணியையோ நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். அது கிடக்கும் இடமும் சாட்சியம்தான். கைப்பையில் ஏறிய நிமிடமே அந்தச் சாட்சியம் போய்விடும்.