நிரல் எழுதத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் எதற்கு?



பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் எஸ்.பி.எம். முடிந்ததும் கேட்பது இதுதான்: "சார், ஜாவா சர்டிபிகேட் எடுத்தா வேலை கிடைக்குமா?" பணம் கட்டப்போவது பெற்றோர். அதனால் பதிலைக் கவனமாகத்தான் சொல்லணும்.

செம்பனை ஆலையில் பாய்லரைக் கவனிப்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் இருந்தே ஆகவேண்டும், அது சட்டம். நிரலாளருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2011 இறுதியில் கணினித் தொழிலர்களைப் பதிவுசெய்ய வாரியம் அமைக்கும் வரைவு ஒன்று நம் நாட்டில் வெளிவந்தது. துறையினரே எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. ஆகவே இது உரிமம் அல்ல. இந்த மொழி இவருக்குத் தெரியும் என்று மூன்றாம் ஆள் சொல்லும் சாட்சி, அவ்வளவுதான்.

அந்தச் சாட்சி யாருக்கு உதவும்? கோலாலம்பூரில் சிபாரிசு சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு. நேர்முகம் வரை கொண்டுபோய் விடலாம். அங்கே போனதும் "ஒரு நிரல் எழுதிக் காட்டு" என்பார்கள். அங்கே காகிதம் பேசாது.

என்னைக் கேட்டால், பெரிய பயன் தேர்வுக்குப் படிப்பதில்தான் இருக்கு. நான்காம் படிவத்தில் ஜாவா படித்தவர்கள் இதைப் பாருங்கள்: இரண்டு சரங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், எழுத்துகள் ஒன்றாக இருந்தும் 'பொய்' என்று விடை வரலாம். எழுத்துகளை அல்ல, இரண்டும் ஒரே பொருளா என்பதைத்தான் அந்தக் குறி பார்க்கிறது. பள்ளிப் பயிற்சியில் இது தப்பிப் போகும். சான்றிதழ்த் தேர்வு இங்கேதான் கை வைக்கும்.

ஆரம்பத்துக்குப் பைத்தன் இன்ஸ்டிடியூட்டின் பி.சி.இ.பி. போதும்: 30 கேள்வி, 40 நிமிடம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. கீழ்ப்படிவங்களில் படித்த பைத்தன் இதற்கு அடித்தளமாகும். ஆரக்கிளின் ஜாவா சான்றிதழ் கனமானது. அதில் 8, 11, 17 என்று பதிப்பு எண்ணும் சேர்ந்தே இருக்கும். எண் பழசானால் மவுசும் குறையும்.

அரசு அங்கீகாரம் வேண்டுமென்றால் வழி வேறு. 2006 தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் டிப்ளோமா. இதற்குப் பி.டி.பி.கே. கடனும் உண்டு.

பணம் கட்டுமுன் பயிற்சி மையத்தில் ஒன்றை மட்டும் கேளுங்க: "தேர்வை வைப்பது யார்?" பாடம் நடத்துபவரே தாளும் கொடுத்தால், அது வகுப்புக்கு வந்ததற்கான சான்று மட்டுமே.