ஒரே பெயர், வேறு கருவி

தம்பி தங்கைகளுக்குப் பாவித்த நின்டென்டோ சுவிட்ச் ஒன்றை வாங்க நினைக்கும் சகோதரிகளும் பெற்றோரும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் கைமாறி வரும் விளையாட்டுக் கருவிகள் எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது சுவிட்ச் 2017 மார்ச் 3ஆம் திகதி வெளிவந்தது. மாதிரி இலக்கம் எச்.ஏ.சி-001. முழுதாகச் சார்ஜ் செய்தால் இரண்டரை முதல் ஆறரை மணித்தியாலம் விளையாடலாம் என்றது ஜப்பானிய நிறுவனம். 2019இல் அதே பெயரில், அதே உருவத்தில், அதே 6.2 அங்குலத் திரையோடு இன்னொன்று வந்தது. அதில் நாலரை முதல் ஒன்பது மணித்தியாலம் விளையாடலாம். பற்றரியைப் பெரிதாக்கினார்களா என்றால் இல்லை. இரண்டிலும் 4310 மில்லி அம்பியர் மணிப் பற்றரிதான். மாறியது உள்ளேயிருக்கும் சில்லு. 20 நனோமீற்றர் முறையில் செய்ததை 16 நனோமீற்றர் முறையில் செய்தார்கள். அதனால் அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகப் போகிறது, சூடும் குறைகிறது. அதே பானைச் சோறு, விறகு மட்டும் குறைவு.

லிந்துலையில் இது சின்ன விடயமில்லை. காற்று மழைக்கு மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யார்தான் மறப்பார்?

உம்மா சீட்டுக் காசில் தம்பிக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். கட்டாரிலிருந்து மாமா, “ரெண்டு இருக்கு, ஒரே விலை, எதை எடுக்க?” என்று கேட்டார்.

“ரெண்டும் ஒன்டுதானே மகள், பளபளப்பா இருக்கிறத எடுக்கச் சொல்லுங்க” என்றார் உம்மா.

நான் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கீறல் விழுந்த கருவியில்தான் எச்.ஏ.சி-001க்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் -01 இருந்தது. அதையே எடுத்தோம்.

சுவிட்ச் லைட் என்று சிறியதொன்றும் 2019 செப்டெம்பரில் வந்தது. அதைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, கைப்பிடிகளும் கழராது. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் சண்டைதான் மிஞ்சும். 2021 ஒக்டோபரில் வந்த ஓஎல்இடி வகையில் 7 அங்குலத் திரை அழகுதான், ஆனால் பற்றரி நேரம் 2019 வகையைப் போலவே. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 இன்னும் வேகமானது, விளையாடும் நேரமோ இரண்டு முதல் ஆறரை மணித்தியாலம்தான்.

பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டாம், உள்ளே வேறொன்று இருக்கலாம். கருவியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கம் எக்ஸ், கே என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது நீண்ட நேரம் ஓடும் 2019 வகை.