ஓடாத சைக்கிளுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

வீட்டு விறாந்தையில் சைக்கிளைப் பூட்டிவைத்து நின்ற இடத்திலேயே உழக்குவது, வெளிநாட்டுக்காரரின் புதுப் பாஷன் என்றா நினைக்கிறீர்கள்? ஓடாத சைக்கிள் வன்னிக்குப் பழைய கதை!

பெடலைச் சுற்றினால் செய்தி வரும்!
1990களில் வன்னியில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காது. செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். ரயரில் உரசி டைனமோ சுழலும், வயர் வழியே றேடியோ பேசும்! பிபிசி தமிழோசை முடியும்வரை கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். 2002இல் தடை நீங்கும்வரை எத்தனையோ வீடுகளில் இதுதான் மின்நிலையம்!

டைனமோவுக்குப் போதும், தொடைக்குப் போதாது!
அந்த டைனமோ தருவது வெறும் 6 வோல்ட், 3 வாட். சாதாரண ஆள் ஒருவர் நிதானமாக உழக்கினாலே 100 வாட் வரை வரும்! மறிக்கப் போதிய சுமை இல்லாததால்தான் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை உழக்கினால் சில்லு சும்மா சுழல்கிறது, வியர்ப்பதில்லை. சைக்கிளைப் பூட்டிவைத்து உழக்க உதவும் ட்ரெயினர் என்ற சட்டத்தின் வேலையே அந்தச் சில்லை மறிப்பது. காந்த ட்ரெயினரில் காந்தம் எதையும் தொடுவதே இல்லை! அருகில் சுழலும் உலோகத் தட்டில் மின்னோட்டம் பிறந்து, அதுவே தட்டை இழுத்துப் பிடிக்கிறது.

விலை கூடியது உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தாது!
பின்சில்லைக் கழற்றிவிட்டுப் பூட்டும் ட்ரெயினர்கள் கியர் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்டவை. நம்மூர் 28 அங்குலச் சைக்கிளுக்குச் சில்லோடு பூட்டும் வகைதான் தோது. அதிலும் மூன்றைப் பாருங்கள்: சில்லின் அளவை ஏற்குமா, அச்சு நட்டைக் கவ்வுமா, ஸ்ராண்டும் கரியரும் இடிக்குமா? இடித்தால் கழற்றத்தான் வேண்டும். ரயருக்கு நன்றாகக் காற்றடித்து, ட்ரெயினரின் உருளையை ரயரோடு நெருக்கிவிட்டு, சில்லைப் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் திருப்பிப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் நெருக்க வேண்டும். முன்சில்லுக்கடியில் ஒரு பலகை வைத்தால் சைக்கிள் மட்டமாக நிற்கும். பூப்போட்ட மலைச் சைக்கிள் ரயர் என்றால் இரைச்சலில் அயல்வீடே எழும்பிவிடும்!

நீங்களே ஒரு அடுப்பு!
பெடலுக்கு 100 வாட் கொடுக்கும்போது உடம்பு அதைப்போல மூன்று மடங்கை வெப்பமாக விடுகிறது! ரோட்டில் காற்று ஆற்றிவிடும். வீட்டுக்குள் யார் ஆற்றுவது? காண்டாவன வெயிலில், கிளிநொச்சி வீட்டில், ட்ரெயினருக்கு முன்னரே வாங்க வேண்டியது நல்லதொரு மின்விசிறி. ஹாண்டிலில் ஒரு துவாய் போடுங்கள். வியர்வை உப்பு இரும்பைத் தின்னும்.

டைட்டானிக்கிலும் சைக்கிள் ஓட்டினார்கள்!
1912இல் புறப்பட்ட அந்தக் கப்பலின் உடற்பயிற்சி அறையில் நின்ற இடத்திலேயே உழக்கும் சைக்கிள்கள் இருந்தன. போன தூரத்தைக் காட்டச் சுவரில் பெரிய வட்டமுகப்பு வேறு!

வீட்டுக்குள் உழக்கி உலகப் பந்தயத்துக்கு!
அவுஸ்திரேலியர் ஜே வைன், ட்ரெயினரில் உழக்கியே ஆடும் ஸ்விஃப்ட் என்ற கணினி விளையாட்டு நடத்திய 2020 தேர்வில் வென்று தொழில்முறை அணிக்குள் நுழைந்தார். 2022 ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் இரண்டு கட்டங்களை வென்றே காட்டினார்!

ஒரு துண்டுப் பாணுக்கு இந்தப் பாடா?
ஜெர்மன் சைக்கிள் வீரர் ரொபேர்ட் ஃபோர்ஸ்டெமான், 700 வாட் டோஸ்டரில் ஒரேயொரு துண்டுப் பாணை வாட்ட முழுப்பலத்தோடு உழக்கி, கடைசியில் தரையில் சாய்ந்தேவிட்டார்! நாம் 100 வாட்டில் 10 மணித்தியாலம் விடாமல் உழக்கினால்தான் 1 யூனிட். ஆகவே கரண்ட் பில்லைக் குறைக்க ஏறாதீர்கள். வண்டியைக் குறைக்க ஏறுங்கள்!