முதுமை மறதியும் தாய்மொழியும்

“வயசானா மறதி சகஜந்தானே” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி வெறும் ஞாபகக் குறைவல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, அது இருக்கலாம் என 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அது சிந்தனையையும், பேச்சையும், பிறர் மனத்தை அறியும் திறனையும் சேர்த்தே பாதிக்கிறது. தமிழகத்துக்கு வெளியே பெற்றோரை வைத்துக் காக்கும் நமக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சிந்தனை. டிமென்ஷியா வகைகளில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைப் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் சிறுவயதில் படித்த பள்ளிக்கூடம் நினைவிருக்கும். காலையில் இட்லி சாப்பிட்டது நினைவிருக்காது. பால் கணக்கு உதைக்கும். சாம்பார் வைக்கும் வரிசை குழம்பும்.

அடுத்து மொழி. பெயர்ச்சொற்கள் நழுவும், கரண்டியை “அதான்... கிண்டுறது” என்பார்கள். உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும் வெகுநாள் நிற்பதால், “நல்லாத்தானே பேசுறாங்க” என்று நாம் இருந்துவிடுவோம். பின்னாளில் கற்ற இந்தியோ மராத்தியோ சிலருக்கு முன்னதாகவே கைவிட்டுப் போகும். இந்தியில் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால், தடுமாறுவது நினைவா மொழியா என்று மருத்துவருக்கே தெளிவாகாது. ஆகவே பரிசோதனை தமிழில் நடக்க வேண்டும். அல்லது தமிழ் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஐதராபாத்தில் 648 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் ஒரு செய்தி வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிடப் பலமொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதை ஒப்பவில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகளிடம் தமிழ் பேச இதுவும் ஒரு காரணந்தான்.

மூன்றாவது, பிறர் மனத்தை அறிதல். எனக்குத் தெரிந்தது வேறு, எதிரிலிருப்பவருக்குத் தெரிந்தது வேறு என்ற உணர்வு குழந்தைக்கு நான்கு வயதுவாக்கில் வருகிறது. நோயில் அது தளர்கிறது. சாவியை வைத்த நினைவு பதியவில்லை, சாவியையும் காணோம். “யாரோ எடுத்திருக்கா” என்றுதான் மனம் முடிவு கட்டும். பழி, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் மருமகள் தலையில் விழும். மூளையின் முன்பகுதியும் பொட்டுப்பகுதியும் சுருங்கும் இன்னொரு வகை, பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். அதில் ஞாபகம் ஓரளவு சரியாகவே இருக்கும். பிறர் துக்கத்தை உணர்வதுதான் முதலில் போகும். அதைத் திமிர் என்று எண்ணிப் பேச்சை முறித்துக்கொள்ளும் குடும்பங்களை நான் அறிவேன்.

தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே சாயலில் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். வீட்டில் “நான் எடுக்கலை” என்று வாதாடுவதைவிட, “வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்” என்பது பலன் தரும். சொல்லின் பொருள் பிடிபடாத நாளிலும் குரலின் கனிவு பலருக்குப் புரிகிறது. அவர்களோடு தமிழிலேயே, நிதானமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயமாகப் பேசுங்கள்.