கணக்கில் ஏறாத சுமை

நெய்த சேலைகள் எத்தனை, வழங்கிய கூலி எவ்வளவு என்பன சங்கத்தின் பதிவேட்டில் உள்ளன. ஆனால் அச்சேலைகளுக்குத் தார் சுற்றியவர் யார் என்பதை எப்பதிவேடும் கூறுவதில்லை. பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்மணியே. சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே அவர் அதனைச் செய்கிறார். வயலில் நாற்று நட்டுக் களை பறிக்கும் பெண்ணின் நிலையும் இதுவே. இது வேலையென்று எண்ணப்படுவதில்லை, கடமையென்றே எண்ணப்படுகிறது.

இதற்கும் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் தொடர்பு உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தான் பயனற்றவர் என்ற எண்ணம் ஆகியன நீடித்தால், அது சோம்பலன்று, நோயாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் சுமார் ஒன்றரை மடங்கு காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

உடற்கூறு மட்டுமே இதற்குக் காரணமன்று. ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டனர். பெருந்துன்பம் நேர்ந்தபோது, மனம் விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதவர்களும், சிறு குழந்தைகள் பலருடன் வீட்டிலேயே அடைபட்டவர்களும் எளிதில் இந்நோய்க்கு ஆளாயினர் என்று கண்டனர். நம் நாட்டில் 2019இல் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கென நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார். அவ்வேலையில் ஈடுபடும் ஆணோ 97 நிமிடங்களே.

அப்படியாயின் ஆண்களுக்குத் துன்பமில்லையா? உண்டு. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோருள் 1,22,724 பேர் ஆண்கள். 48,172 பேர் பெண்கள். இவற்றுக்குக் காரணங்கள் பல. எனினும், “ஆண் அழலாகாது, குடும்பத்தைத் தாங்குபவன் தளரலாகாது” என்னும் கட்டுப்பாடு நோயை மறைக்கச் செய்கிறது. மறைந்த சோர்வு சிலரிடம் குடியாகவும் கோபமாகவும் வெளிப்படுகிறது.

ஒரு சங்கத்தில், மூன்று மாதமாகச் சேலை ஒப்படைக்காத உறுப்பினர் ஒருவரைப் “பொறுப்பற்றவர்” என்று நாமே குறித்து வைத்தோம். பின்னர் அவர் இல்லம் சென்றபோது அவருடைய மனைவி, “அவர் இரவில் உறங்குவதே இல்லை, ஐயா. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்” என்றார். அவ்வம்மையாரின் முகத்திலும் அதே சோர்வைக் கண்டோம். அவரை அதுவரை எவரும் கேட்டதுமில்லை. இருவரும் மருத்துவரிடம் சென்றனர். நாம் எழுதிய குறிப்பை நாமே அடித்தோம்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. தார் சுற்றும் பெண்ணின் உழைப்பையும் கூலியில் கணக்கிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். அவரையும் சங்க உறுப்பினராக்குங்கள். வீட்டு வேலையில் ஆண்களும் பங்கு கொள்ளுங்கள். நிலுவை வைத்தவரை ஏசுமுன் நலம் விசாரியுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை கிடைக்கும். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவதே கூட்டுறவு. அது முதலில் வீட்டிலே தொடங்கட்டும்.