ஒரு கோடிக்கு ஒன்று குறைவு

1990களில் திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களின் கடைவீதிகளில் விற்ற வீடியோ கேம் கேசட்டுகளின் மேல் ஒட்டியிருந்த தாள், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவினதே எனினும், விளம்பரக் கலை எங்கெல்லாம் சறுக்கும் என்பதை ஒருசேரக் காட்டுவதாகும். மக்கள் கேசட் என்றழைத்தது ஒலிநாடாவை அன்று. விளையாட்டின் நிரல் பதிந்த சில்லைத் தாங்கி, தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டியில் செருகப்படும் பிளாஸ்டிக் உறையையே. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் படியெடுத்த மலிவுப் பெட்டிகளே இங்குப் பெரிதும் புழங்கின. அமெரிக்கச் சிறுவர்கள் இதழ்களில் பக்கம் பக்கமாகக் கண்ட விளம்பரங்களின் இடத்தை இங்கே இத்தாளே நிரப்பியது.

அதில் முதலில் கண்ணில் படுவது ‘9999999 இன் 1’ என்னும் எண். நம் கணக்கில் இது ஒரு கோடிக்கு ஒன்றே குறைவு. ஆட்டம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் வீதம் ஊண் உறக்கமின்றி ஆடினாலும் முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். சில்லில் இருந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே. ஒரே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்தோ கூடுதல் வேகத்திலோ தொடங்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டினார்கள்.

எண்ணுக்குக் கீழே துப்பாக்கி வீரன், மீசைக்கார மரியோ, பந்தயக் கார், பீரங்கி வண்டி யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, இடையிடையே எழுத்துப்பிழைகளுடன் மஞ்சள் எழுத்துகள் திணிக்கப்பட்டிருக்கும். திருவரங்கத்து இராஜகோபுரமும் பல வண்ணம் கொண்டதுதான். ஆயினும் அதன் பதின்மூன்று நிலைகளும் மேலே செல்லச் செல்லக் குறுகி, பார்ப்பவர் கண்ணை ஒழுங்காக உச்சிக்கு ஏற்றிவிடுகின்றன. இத்தாளிலோ கண்ணுக்கு ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. இப்படங்களை அசல் ஆட்டங்களின் அட்டைகளிலிருந்து திருடியதற்காகப் போலிக்காரர்களை மட்டும் பழிப்பதும் முறையாகாது. ‘கான்ட்ரா’ ஆட்டத்தின் அசல் அட்டையை வரைந்த பாப் வேக்லின், 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ திரைப்படத்தில் நடிகர் அர்னால்டு நின்ற நிலைகளைப் பார்த்தே அதன் வீரர்களை வரைந்தார்.

கைத்திறனும் பணமும் இருந்த இடத்திலும் விளம்பரம் சறுக்கியதுண்டு. 1997இல் ‘டைக்கட்டானா’ என்னும் கணினி ஆட்டத்துக்கு அமெரிக்க இதழ்களில் வந்த விளம்பரத்தில் ஆட்டத்தின் படம் ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தை உருவாக்கிய ஜான் ரொமேரோ வாசகரை அடிமைகொள்ளப் போகிறார் என்று கொச்சைச் சொல்லால் மிரட்டும் வரிகளே சிவப்புப் பக்கத்தில் இருந்தன. ஆட்டம் 2000இல் வெளிவந்து ஏளனத்துக்கு ஆளானது. விளம்பரத்துக்காக ரொமேரோ 2010இல் மன்னிப்புக் கேட்டார். கேசட்டுத் தாளோ எண்ணிக்கையில்தான் பொய் சொன்னது. உள்ளே இருந்த நாலைந்தில் கான்ட்ராவும் மரியோவும் இருந்துவிட்டால், மீதியைத் தேடிப் பார்க்கச் சிறுவர்களுக்கு நேரமே இருந்ததில்லை.